கப்பல்ல தூக்கமில்லாம நின்ன ராத்திரி: நம்ம வேலூர் பக்கத்து ஆளுங்க அனுபவம்

குடியாத்தம் ஏபி (டெக் மாலுமி):
மொத்தச் சரக்கு ஏத்தற பல்க் கேரியர் கப்பல். காலைலேருந்து சரக்கு ஏத்தறதைப் பார்த்துக்கற கார்கோ வாட்ச், சாயங்காலம் சரக்கறை மூடியான ஹேட்ச் மூடி, கப்பலைக் கட்டற மூரிங் கயிறு இழுத்துப் போட்டு, அப்படியே ராத்திரி 12-4 காவல். கப்பல் ஓட்டற பிரிட்ஜோட ஓரத்துல, வெளிய இருக்கற விங்ல, கடலைப் பார்த்துக்கினு லுக்அவுட் நின்னுக்கினு இருக்கேன். காட்பாடி ஸ்டேஷன் அறிவிப்பு கேக்குது, அவ்ளோ தெளிவா. வண்டி வந்துடுச்சுன்னு ஏற காலைத் தூக்கினேன். நெஞ்சுல விங்கோட தடுப்புக் கம்பி ஜில்லுனு இடிச்சுது. கீழ கடல். கண்ணு ரெண்டும் தொறந்துதான் இருந்துச்சு. மாசக் கடைசில, ஓய்வு நேரத்தைப் பதியற ரெஸ்ட் அவர்ஸ் ஷீட்ல அந்த நாளுக்கு 11 மணி நேரம் ஓய்வுன்னு இருந்துச்சு. கையெழுத்து போட்டேன். அதான் இன்னும் உறுத்துது.

வாலாஜா ஃபோர்த் இன்ஜினியர்:
உங்களுக்காவது காத்து வரும். எங்களுது ராத்திரி இன்ஜின் ரூம்ல ஆள் இல்லாத கப்பல், அலாரம் கேபின்லயே அடிக்கும். 11க்கு எண்ணெய் சுத்தம் பண்ற பியூரிஃபையர், 1க்கு அடித்தட்டுல தண்ணி சேர்ற பில்ஜ், 3க்கு திரும்ப பியூரிஃபையர். மூணாவது வாட்டி இறங்கினவன் ஓடிக்கினு இருந்த, இன்ஜினுக்கு மசகு எண்ணெய் தர்ற லூப் ஆயில் பம்பைத் தப்பா நிறுத்திட்டேன். ஸ்டாண்ட்பை பம்ப் தானா எடுத்துக்கிச்சு. அந்த ரெண்டு செகண்ட் சத்தம் மாறினது இன்னும் காதுல கீது.

சத்துவாச்சாரி செகண்ட் மேட்:
நானும் கடல் வரைபடம் விரிக்கற சார்ட் டேபிள் மேலயே தூங்கியிருக்கேன். ஆனா ஏபி அண்ணே, கையெழுத்து போட்டது தப்பு. 24 மணி நேரத்துல 10 மணி நேரம், 7 நாள்ல 77 மணி நேரம் ஓய்வு கண்டிப்பா தரணும். ஒரு நாள் ஓய்வை ரெண்டு துண்டுக்கு மேல உடைக்கக்கூடாது, ஒரு துண்டு 6 மணி நேரமாவது இருக்கணும். 2010ல ஷென் நெங் 1ங்கற கப்பல் ஆஸ்திரேலியாவோட கிரேட் பேரியர் ரீஃப் பவளப்பாறைல ஏறினப்போ, வாட்ச்ல இருந்த சீஃப் மேட் அதுக்கு முன்னாடி ஒன்றரை நாளுக்கு மேல மொத்தமா ரெண்டரை மணி நேரம்தான் தூங்கியிருந்தாரு, திரும்ப வேண்டிய இடத்துல கப்பலைத் திருப்பல. ஷீட்ல எல்லாம் சரியா இருந்தா கம்பெனி எதுக்கு இன்னொரு ஆள் அனுப்பும்? உண்மையான நேரத்தை தனி நோட்டுல எழுதி வைங்க. ஷீட்டோட நகலைக் கேட்டு வாங்குங்க, அது உங்க உரிமை. ஏதாவது ஆச்சுன்னா அந்தக் கையெழுத்து உங்களுக்கே எதிரா நிக்கும்.

குடியாத்தம் ஏபி:
சார், நீங்க ஆபீஸர். 9 மாச காண்ட்ராக்ட்காரன் பேனாவைக் கீழ வெச்சா அடுத்த கப்பலுக்கு போன் வராது. வீட்டுக் கடன் எனக்கு.

ஆம்பூர், மோட்டர்மேன் (இன்ஜின் ரூம் மாலுமி) மனைவி:
போன வாரம் வீடியோ கால்ல பையன் திருக்குறள் ஒப்பிச்சான். மூணாவது குறள்லயே அவரு தலை சாஞ்சிடுச்சு. அப்பான்னு கத்தப் போனான், வாயைப் பொத்தினேன். கட் பண்ணாம ரெண்டு பேரும் அவரு தூங்கறதையே பார்த்துக்கினு இருந்தோம். இருபது நிமிஷத்துல அங்க ஏதோ மணி அடிச்சுது, எழுந்து போயிட்டாரு. நாங்க லைன்ல இருந்ததே அவருக்குத் தெரியல.