சத்தமே வராத பழைய பயனீர் ரிசீவர், 9000 சொல்றாங்க, வாங்கலாமா?

வெண்ணாறு:
வணக்கம் மக்களே, அவசரமா ஒரு சந்தேகம். கூத்தாநல்லூர்ல ஒரு பெரிய வீட்ட காலி பண்றாங்க, பசங்க எல்லாம் சிங்கப்பூர்லயே செட்டில் ஆயிட்டாங்க, மாடில ஒரு பயனீர் ஸ்டீரியோ ரிசீவர், அதாவது ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் ஒண்ணா இருக்கற பொட்டி, கெடக்கு. எழுபதுகளோட கடைசில வந்த மாடல், முன்னாடி அலுமினியம், மரப்பொட்டி, ஊசி மீட்டர் ரெண்டு. மாடல் நம்பர் போட மாட்டேன், போட்டா விடியறதுக்குள்ள உங்கள்ல எவராவது மன்னார்குடி பஸ்ஸ புடிச்சிடுவீங்க. வீட்டுக்கார பாய் 9000 சொல்றாரு. பிரச்சன என்னன்னா சத்தமே இல்ல. ஆன் பண்ணா லைட் எரியுது, நாலஞ்சு செகண்ட் கழிச்சு உள்ள டிக்குனு கேக்குது, எஃப்எம் திருப்பினா சிக்னல் மீட்டர் ஊசி நல்லா ஆடுது, ஆனா ஸ்பீக்கர் ரெண்டும் கப்சிப். தெரிஞ்ச மெக்கானிக் ஒருத்தர் போன்லயே ஐசி போயிருக்கும், 6000 ஆகும்ங்கறாரு. வாங்கலாமா, விட்டுடலாமா?

ஈயக்கம்பி:
விட்டுடாதீங்க. செட்ட பாக்காமலே ஐசி போச்சுன்னு சொல்றவர மொதல்ல விடுங்க. அந்த டிக் சத்தம் ரிலே, ஸ்பீக்கர தானா சேக்கற, பிரிக்கற சுவிட்ச். அவுட்புட்ல டிசி, அதாவது ஸ்பீக்கர எரிக்கற ஒரே தெசைக் கரண்ட், வந்தா அந்தக் காலத்து பயனீர்ல ரிலே ஸ்பீக்கர சேக்கவே சேக்காது, அது சேருதுன்னா ஸ்பீக்கர ஓட்டற பவர் ஆம்ப் பெரும்பாலும் உசுரோடதான் இருக்கு. மீட்டர் ஆடுதுன்னா ரேடியோ புடிக்கற ட்யூனரும் ஓகே. ரெண்டு சேனலும் ஒரே நாள்ல ஒண்ணா சாகறது ரொம்ப அபூர்வம், அப்படி ரெண்டும் சேந்து போச்சுன்னா பொதுவான எடத்துலதான் ஏதோ ஒண்ணு நடுவுல அந்து நிக்குது. முன்னாடி டேப் மானிட்டர்னு ஒரு சுவிட்ச் இருக்கும், அது அமுங்கி இருந்தா செட்டு டேப் டெக்குலேந்து சத்தம் வரும்னு காத்துக்கிட்டே இருக்கும். ஸ்பீக்கர் சுவிட்ச் ஏ-ல இருக்கா, பி-ல இருக்கான்னும் பாருங்க. இதுல பாதி செட்டு சரியாயிடும். பின்பக்கம் போட்டோ இருக்கா?

வெண்ணாறு:
இருக்கு அண்ணே. டேப் மானிட்டர் வெளியதான் இருக்கு, ஸ்பீக்கர் ஏ-ல இருக்கு. பின்னாடி ப்ரீ அவுட்னு ரெண்டு ஓட்டை, அதுக்குக் கீழ பவர் இன்னு ரெண்டு ஓட்டை, நாலும் காலியா இருக்கு. பாய் சொன்னாரு, முன்னாடி ஒரு கல்யாணத்துக்கு இந்த செட்டோட ஈக்குவலைசர் மாட்டினாங்களாம்.

ஈயக்கம்பி:
கெடச்சிடுச்சு! அந்த நாலு ஓட்டைக்கு நடுவுல ப வடிவத்துல ரெண்டு இரும்புக் கம்பி சொருகி இருக்கணும், வால்யூம், டோன் இருக்கற ப்ரீ ஆம்ப்லேந்து பவர் ஆம்புக்கு சிக்னல் போற பாலமே அதுதான். ஈக்குவலைசர் மாட்ட அத உருவிட்டு எங்கயோ போட்டுட்டாங்க. சாதா ஆர்சிஏ கேபிள் ஒண்ணு, எவ்ளோ குட்டையா கெடைக்குதோ அவ்ளோ நல்லது, எடதுக்கு எடது, வலதுக்கு வலதுன்னு மேலேந்து கீழ மாட்டுங்க, போதும். செட்ட ஆஃப் பண்ணிட்டு மாட்டுங்க. தெரியாத்தனமா போனை நேரா பவர் இன்ல சொருகிடாதீங்க, அங்க வால்யூம் கன்ட்ரோல் கெடையாது, ஸ்பீக்கர் கோன் கிழிஞ்சிடும்.

கொரடாச்சேரி_பக்கம்:
அப்ப வேலை 100 ரூபாய்தான். வாயத் தொறக்காம ஓடாத செட்டுன்னு சொல்லி 5000க்கு முடிங்க தம்பி, வீட்டுக்குக் கொண்டாந்து கேபிள் போட்டுக்கலாம்.

உப்புக்காத்து:
அது சரியில்லீங்க, வயசானவர்கிட்ட போய். அதவிட, கேபிள் போடாம வாங்கினா நட்டம் உங்களுக்குத்தான், சத்தம் கேக்காம எந்த சேனல்ல கரகரப்பு, எதுல ஹம்மிங்னு எப்படித் தெரியும்? கேபிள கையோட எடுத்துட்டுப் போயி அவரு முன்னாடியே மாட்டிக் கேளுங்க, ஆயிரம் ஏறினா ஏறட்டும். இன்னொண்ணு, பின்பக்க பிளேட்ட படிங்க. ஜப்பான் உள்ளூர் மாடல்னா 100 வோல்ட், எஃப்எம் 76லேந்து 90 வரைக்கும்தான், அதுல எங்க காரைக்கால் எஃப்எம் ஸ்டேஷன் 100.3 எந்த ஜென்மத்துக்கும் வராது. நாகப்பட்டினத்துல இப்படி ஒருத்தர் வாங்கி ஷோகேஸ்ல வச்சிருக்காரு. அமெரிக்கா மாடல்னா 120 வோல்ட் மட்டும், ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் தனியா வாங்கணும்.

வெண்ணாறு:
88லேந்து 108 இருக்கு, பின்னாடி வோல்டேஜ் மாத்தற திருகு 220ல நிக்குது.

ஈயக்கம்பி:
வெளிநாட்டுக்குன்னு போட்ட மாடல், நல்லது. 240ல வச்சுடுங்க, நம்ம பக்கம் பம்ப்செட்டு எல்லாம் நின்னப்புறம் ராத்திரில கரண்ட் ஏறும். எவ்ளோ நாளா ஓடாம கெடந்துச்சோ, சும்மா கேட்டு வைங்க. நீங்க ஒருதடவ நேரா பிளக்ல சொருகிட்டீங்க, தப்பிச்சிடுச்சு. இனிமே எந்தப் பழைய செட்டுன்னாலும் எலக்ட்ரீஷியன் வச்சிருப்பாரே சீரீஸ் போர்டு, அதுல 100 வாட் குண்டு பல்பு போட்டு அது வழியா கரண்ட் குடுங்க. பல்பு பளிச்சுனு எரிஞ்சு மங்கிட்டா சரி. மங்காம எரிஞ்சுகிட்டே இருந்தா உள்ள ஷார்ட், உடனே ஆஃப் பண்ணிடுங்க. அப்புறம் ஸ்பீக்கர கழட்டிட்டு, வால்யூம் சுழியத்துல வச்சு, ஸ்பீக்கர் டெர்மினல்ல சிவப்புக்கும் கருப்புக்கும் நடுவுல மல்டிமீட்டர்ல டிசி மில்லிவோல்ட் பாருங்க. 50க்குள்ள இருந்தா கண்ண மூடிட்டு வாங்கலாம், 100 தாண்டினா வேலை இருக்குன்னு அர்த்தம்.

வெண்ணாறு:
போயிட்டு வந்துட்டேன். கேபிள் மாட்டி ஆன் பண்ணதும் காரைக்கால் எஃப்எம் கணீர்னு வந்துச்சு, பாய் ஈஸி சேர்லேந்து எந்திரிச்சு வந்து வால்யூம அவரே கூட்டிட்டாரு! மீட்டர்ல எடது 18, வலது 31 மில்லிவோல்ட். அப்புறம் அவரு 12000ன்னாரு, நான் 10000ன்னேன், 10500க்கு முடிஞ்சுது, ரெண்டு ஸ்பீக்கரும் சேத்து. கொரடாச்சேரி அண்ணன் திட்டுவாருன்னு தெரியும்.

கொரடாச்சேரி_பக்கம்:
திட்டல. ஸ்பீக்கரோடன்னா சீப்புதான்.

வெண்ணாறு:
வால்யூம் திருப்பும்போது கரகரங்குது, எடது பக்கம் நடுநடுவுல காணாம போகுது. மேல் மூடிய கழட்டினா உள்ள பல்லி முட்ட ஓடு, செவத்தெறும்பு மண்ணு. கண்டன்சர் எல்லாத்தையும் மாத்திடவா?

ஈயக்கம்பி:
மாத்தாதீங்க, உப்பலோ ஒழுகலோ இல்லாதத தொடாதீங்க. பிளக்க உருவிட்டு கொஞ்ச நேரம் விடுங்க, பெரிய கண்டன்சர்ல சார்ஜ் நிக்கும். பெயின்ட் பிரஷ்ஷால மண்ண தட்டுங்க. கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரேய வால்யூம், பேலன்ஸ், டேப் மானிட்டர், ஸ்பீக்கர் சுவிட்ச் எல்லாத்துக்குள்ளயும் அடிச்சு, ஒவ்வொண்ணையும் முப்பது நாப்பது தடவ இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஆட்டுங்க. தையல் மிஷின் எண்ணெய் விடச் சொல்லுவாங்க, விட்டீங்கன்னா தூசி ஒட்டி ட்ராக்கே போயிடும். அப்பவும் எடது பக்கம் காணாம போச்சுன்னா ரிலே காண்டாக்ட் கருத்திருக்கும், அத சுரண்டாம புதுசே போட்டுடுங்க. பழைய ரிலேயோட வோல்ட்டும் கால் வரிசையும் எழுதிக்கிட்டு சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைப்பக்கம் போற ஆள்கிட்ட குடுத்து விடுங்க.