வெப் டெவலப்பர் வேலை: ரெஸ்யூமைத் தளங்களில் ஏற்றுவதா, நிறுவனத்துக்கே அனுப்புவதா?

வைகைக்கரை:
மதுரையில் பி.எஸ்சி. கணினி அறிவியல் முடித்துவிட்டு, எட்டு மாதங்களாக இணையதளம் செய்யப் பயன்படும் ஜாவாஸ்கிரிப்ட், ரியாக்ட் ஆகியவற்றை வீட்டிலிருந்தே கற்றுவருகிறேன். எங்கள் தெருவில் உள்ள ஜெராக்ஸ் கடைக்கு ஓர் இணையதளம் செய்து கொடுத்திருக்கிறேன். மூன்று வேலைவாய்ப்புத் தளங்களில் ரெஸ்யூமை ஏற்றி மூன்று மாதங்கள் ஆகின்றன. வந்த அழைப்புகளில் பெரும்பாலானவை பயிற்சி வகுப்பில் சேரச் சொன்னவை. ஓர் அழைப்பு, வேலை உறுதி என்று கூறி மூவாயிரம் ரூபாய் முன்பணம் கேட்டது. ரெஸ்யூமை எங்கே இட்டால் உண்மையில் வேலை தருபவரின் கண்ணில் படும்?

தரமணி:
சென்னையில் பதினோரு ஆண்டுகளாக ஆட்சேர்ப்புப் பணியில் இருக்கிறேன். தளங்களை விட்டு விலகுங்கள் என்று யாராவது சொல்வதற்கு முன்பே எழுதிவிடுகிறேன். ஒரு பணியிடம் காலியானதும் என்னைப் போன்றவர்கள் முதலில் திறப்பது நௌக்ரி என்ற வேலைவாய்ப்புத் தளத்தின் ரெஸ்யூம் தேடல் பக்கத்தைத்தான். திறன், அனுபவ ஆண்டுகள், ஊர், கடைசியாகத் தளத்தில் இயங்கிய நாள் ஆகியவற்றை வைத்துச் சல்லடை போடுகிறோம். மூன்று மாதம் முன்பு ஏற்றிவிட்டு அதன்பின் தொடாமல் விட்ட ரெஸ்யூம் அந்தச் சல்லடையில் நின்றிருக்காது. தலைப்பு வரியில் 'வேலை தேடும் பட்டதாரி' என்று எழுதியிருந்தால் அதை மாற்றுங்கள். அந்தச் சொற்களை யாரும் தேடுவதில்லை, 'ரியாக்ட் டெவலப்பர்' என்றுதான் தேடுகிறோம். தமிழ்நாடு அரசின் தனியார் துறை வேலைவாய்ப்பு இணையதளத்திலும் பதிவு செய்யுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது.

நொய்யல்:
தரமணி ஐயா கூறுவது நான்கைந்து ஆண்டுகள் அனுபவம் உள்ளவருக்குப் பொருந்தும். இந்தத் தங்கைக்குப் பொருந்தாது. அனுபவம் சுழியம் என்ற கட்டத்தில் அந்த ஆண்டு பட்டம் பெற்ற அத்தனை பேரும் நிற்கிறார்கள். கோவையில் எட்டுப் பேர் கொண்ட சிறு நிறுவனம் நடத்துகிறேன். ரெஸ்யூம்களைத் தேடிப் பார்க்கும் வசதிக்குத் தளங்கள் கேட்கும் சந்தாவை எங்களைப் போன்றவர்கள் கட்டுவதில்லை. ஆகவே, புதியவரை எடுக்கத் தயங்காத சிறு நிறுவனங்களின் கண்ணில் அந்த ரெஸ்யூம் படுவதே இல்லை.

கடந்த ஆண்டு ஒரு தம்பி எங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினார். எங்கள் இணையதளத்தைக் கைபேசியில் திறந்தால், ஓரத்தில் மிதக்கும் பச்சை நிற வாட்ஸ்அப் குமிழ், தொடர்புப் படிவத்தின் 'அனுப்பு' பொத்தானை மறைத்துக்கொண்டிருப்பதைப் படம் பிடித்து இணைத்திருந்தார். அதைச் சரிசெய்யும் மூன்று வரி சிஎஸ்எஸ்ஸும் (பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் குறியீடு) கீழே இருந்தது. ரெஸ்யூமைத் திறப்பதற்கு முன்பே அவரை நேர்காணலுக்கு அழைக்க முடிவு செய்துவிட்டேன்.

தரமணி:
அந்தத் தம்பியைப் பாராட்டுகிறேன், ஆனால் ஒருவருக்கு நடந்ததை எல்லோருக்கும் வழியாகக் கூறக் கூடாது. நிறுவனங்களின் பொது மின்னஞ்சல் முகவரிக்கு வருபவற்றுள் எத்தனையோ திறக்கப்படாமலே கிடக்கின்றன. பெரிய நிறுவனங்களில் நேரடியாக விண்ணப்பித்தாலும் முதலில் படிப்பது மென்பொருள்தான் என்பதையும் நொய்யல் கணக்கில் கொள்ளவில்லை.

எங்கே இட்டாலும் உதவும் ஒரு சோதனையைச் சொல்கிறேன். உங்கள் பிடிஎஃப்பைத் திறந்து, எல்லா எழுத்துகளையும் நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். மென்பொருளுக்கும் ஏறக்குறைய அப்படித்தான் கிடைக்கிறது. பக்கத்தை இடம், வலம் என்று பிரித்து இரண்டு பத்தி அமைப்பில் செய்த அழகான ரெஸ்யூம்கள் பல அங்கே கலைந்து கிடக்கும். திறமையைக் காட்ட வரைந்த நட்சத்திரங்கள் காணாமலே போயிருக்கும்.

பழவேற்காடு:
தொலைவிலிருந்து பணிபுரியும் டெவலப்பர் என்ற முறையில் நான் நொய்யல் பக்கம். தளங்களை நம்பி இருந்தவர்கள் கண்டது என்ன? நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப் நடத்திய வேலைப் பகுதி 2021-இல் மூடப்பட்டது; நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவின் வேலைப் பகுதி 2022-இல் மூடப்பட்டது; மான்ஸ்டர் இந்தியா என்ற வேலைவாய்ப்புத் தளம் அதே ஆண்டில் ஃபவுண்டிட் என்று பெயர் மாறியது. நம் கையில் இருப்பது நம்முடைய பக்கம் மட்டும்தான். கிட்ஹப்பின் இணையப்பக்கச் சேவையான கிட்ஹப் பேஜஸில் செலவில்லாமல் ஒரு பக்கம் வைக்கலாம். அந்த ஜெராக்ஸ் கடைத் தளத்தை முதலில் வைத்து, கடைக்காரர் என்ன கேட்டார், எது கடினமாக இருந்தது, எப்படித் தீர்த்தீர்கள் என்று பத்து வரி எழுதுங்கள். பயிற்சிக் காணொளியைப் பார்த்துச் செய்த, செய்யவேண்டிய வேலைகளைக் குறித்துவைக்கும் பட்டியல் செயலி எல்லோரிடமும் இருக்கிறது; அந்தக் கடை உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது.

லிங்க்ட்இன்னில் கணக்கு இருக்கட்டும். ஆனால் நூறு பேருக்கு மேல் விண்ணப்பித்துவிட்டதாக அந்தத் தளமே காட்டும் விளம்பரத்தில் ஒரே சொடுக்கில் நீங்களும் விண்ணப்பிப்பதை விட, அந்த நிறுவனத்தில் முன்முனைப் பணி (பயனர் பார்க்கும் பக்கங்களை உருவாக்குவது) செய்பவர் ஒருவருக்கு மரியாதையாக நான்கு வரி எழுதுவது மேல்.

நொய்யல்:
இன்னொன்று. வீட்டு முகவரி, பிறந்த தேதி, தந்தை பெயர் ஆகியவற்றை இன்னும் பலர் ரெஸ்யூமில் எழுதுகிறார்கள். எங்களுக்கு அவை எதுவும் தேவையில்லை. பொதுத் தளத்தில் ஏற்றும்போது அவை யார் கைக்கும் போய்ச் சேரலாம். கைபேசி எண்ணையும் எடுத்துவிடுங்கள், மின்னஞ்சல் போதும். முன்பணம் கேட்பவரிடம் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். வேலை தருபவர் சம்பளம் கொடுப்பவரே அன்றி, வாங்குபவர் அல்லர்.

தரமணி:
முன்பணம் பற்றிக் கூறியதை முழுமையாக ஏற்கிறேன். எண்ணை எடுக்கச் சொல்வதை ஏற்க மாட்டேன். ஒரே பிற்பகலில் முப்பது பேரை அழைக்க வேண்டிய நிலையில், எண் இல்லாத ரெஸ்யூமை நாங்கள் கடந்துவிடுகிறோம். வேலை தேடுவதற்கென்று தனியாக ஒரு சிம் வாங்கிக்கொள்ளுங்கள், தங்கை.

வைகைக்கரை:
அனைவருக்கும் நன்றி. நோட்பேடில் ஒட்டிப் பார்த்தேன். என் கைபேசி எண், பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணுக்கும் கல்லூரிப் பெயருக்கும் நடுவில் இரண்டாக உடைந்து கிடந்தது. ஒரே பத்தியாக மாற்றி எழுதிவிட்டேன். மூன்று தளங்களில் இரண்டிலிருந்து ரெஸ்யூமை நீக்கிவிட்டேன்; மீதமுள்ள ஒன்றில் தலைப்பு வரியை மாற்றி, தனி எண்ணை இட்டு, வாரம் ஒரு முறை புதுப்பிக்கப் போகிறேன். மதுரையிலும் கோவையிலும் பத்துச் சிறு நிறுவனங்களின் தளங்களைக் கைபேசியில் திறந்து பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். நான்காவது தளத்தில் மெனுப் பட்டியைத் திறந்தால் மூட வழியில்லை. இன்றிரவு அவர்களுக்கு எழுதுகிறேன்.