“3 விழுக்காடு போதும்” என்று எழுதியவருக்கு: அது எந்தக் கட்டடத்துக்கான கணக்கு?

தூணடி:
பேரிடர் தாங்கும் உள்கட்டமைப்புக்காக நாடுகள் சேர்ந்து அமைத்த கூட்டணியைப் பற்றிய இழையில் கடல்வழி நேற்று எழுதியதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. “வழக்கமான செலவோடு 3 விழுக்காடு சேர்த்தால் பேரிடரைத் தாங்கும் கட்டமைப்பு கிடைத்துவிடும், நாடுகள் ஒன்றுகூடி அதைச் செய்யாததற்கு மனமில்லாமை ஒன்றே காரணம்” என்கிறார். உலக வங்கி 2019இல் வெளியிட்ட அறிக்கையில் அந்த எண் இருப்பது உண்மைதான். ஆனால் அது இனிமேல் கட்டப்போகும் மின்சார, குடிநீர், போக்குவரத்து அமைப்புகளுக்கான கணக்கு. ஏற்கெனவே நின்றுகொண்டிருக்கும் பாலத்துக்கும் மருத்துவமனைக்கும் அந்த 3 விழுக்காட்டில் ஒரு காசுகூட இல்லை.

கடல்வழி:
எண்ணை நான் கற்பனை செய்யவில்லை. அதே அறிக்கைதான், வளரும் நாடுகளில் இதற்காகப் போடும் ஒவ்வொரு டாலருக்கும் 4 டாலர் பலன் உண்டு என்றும், மொத்த நிகரப் பலன் 4.2 லட்சம் கோடி டாலர் என்றும் சொல்கிறது. 2017இல் மரியா சூறாவளி டொமினிக்காவுக்கு ஏற்படுத்திய சேதம், அந்நாட்டின் ஓராண்டு மொத்த உற்பத்தியைப் போல இரு மடங்குக்கும் அதிகம். அப்படிப்பட்ட சிறு தீவு தனக்கான வடிவமைப்பாளர்களையும் நிதியையும் தானே தேடிக்கொள்ள முடியுமா? இந்தியா 2019 செப்டம்பரில் நியூயார்க்கில் இந்தக் கூட்டணியை அறிவித்ததும், 2021இல் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் தீவு நாடுகளுக்கெனத் தனித் திட்டம் தொடங்கப்பட்டதும் அதற்காகத்தான். குறை சொல்வது எளிது, தூணடி ஐயா.

தூணடி:
தீவுகளுக்கு உதவ வேண்டாம் என்று நான் எங்கே எழுதினேன்? 3 விழுக்காட்டைப் பற்றிக் கேட்டால் டொமினிக்காவைக் காட்டுகிறீர்கள்.

களத்தில் நடப்பதைச் சொல்கிறேன். கான்கிரீட் தூணுக்குள் நெடுக்குக் கம்பிகளைச் சுற்றி ரிங் கட்டுவோம். அதன் முனையை 90 பாகையில் மடக்கி விட்டால், நிலநடுக்கத்தில் மேல் கான்கிரீட் உதிர்ந்ததும் ரிங் வாய்பிளந்துவிடும், நெடுக்குக் கம்பி வெளியே பிதுங்கும், தூண் நசுங்கும். அதே முனையை 135 பாகைக்குத் தூணின் உட்பக்கமாக மடக்கினால் ரிங் பிடி விடாது. கட்டும்போதே இதைச் செய்ய, ஒரு ரிங்குக்குச் சில அங்குலக் கம்பியும் கம்பி கட்டுபவரின் கவனமும் போதும். 3 விழுக்காடுகூட ஆகாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 90 பாகையில் மடக்கிக் கட்டி முடித்துவிட்ட மருத்துவமனையை இன்று சரிசெய்ய வேண்டுமென்றால், நோயாளிகளை வேறு இடத்துக்கு மாற்றி, தூணின் மேல் கான்கிரீட்டைக் கொத்தி எடுத்து, ஒவ்வொரு தளத்திலும் துளையிட்டுப் புதுக் கம்பிகளை மேலே செலுத்தி, புது ரிங் கட்டி, மறுபடி கான்கிரீட் ஊற்ற வேண்டும். இந்த வேலைக்கு உங்கள் 3 விழுக்காடு எந்த மூலைக்கு?

எண்மணி:
இருவருமே அந்த அறிக்கையைப் பாதிதான் படித்திருக்கிறீர்கள். வெள்ளமும் புயலும் நடுக்கமும் எந்த இடத்தை எவ்வளவு தாக்கும் என்ற தரவு கையில் இருந்தால்தான் 3 விழுக்காடு. தரவு இல்லாமல் எல்லாவற்றையும் வலுப்படுத்தப் போனால் செலவு ஏறத்தாழ பத்து மடங்காகும் என்று அதிலேயே இருக்கிறது. ஆற்றின் மேற்பகுதி ஒரு நாட்டிலும் கீழ்ப்பகுதி இன்னொரு நாட்டிலும் இருக்கும்போது, மேலே உள்ளவர் மழையளவையும் நீர்மட்டத்தையும் பகிராவிட்டால் கீழே உள்ளவர் பாலத்தை எந்த உயரத்தில் அமைப்பார்? கூட்டுறவு என்றால் முதலில் தரவைப் பகிர்வதுதான்.

தூணடி:
தரவு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் தரவை வைத்து வரையும் வரைபடம் தூணைத் தாங்காது. 3 விழுக்காடு புதிய கட்டுமானத்துக்கு மட்டும் என்பதை முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

மழைமானி:
தூணடி எந்த இழைக்கு வந்தாலும் இதே பிடிவாதம்தான். 2023 பிப்ரவரியில் துருக்கி நிலநடுக்கத்தைப் பற்றிப் பேசியபோது, “நல்ல கட்டட விதி இருந்தால் இந்த அழிவு இல்லை” என்று எழுதியவர் இவர். துருக்கியில் கடுமையான விதி இருந்தது. 50,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். விதி இருந்தும் ஏன் இத்தனை பேர் இறந்தார்கள் என்று அன்று நான் கேட்ட கேள்விக்கு இன்றுவரை இவரிடமிருந்து பதில் இல்லை.

தூணடி:
என் வாக்கியத்தை வெட்டி ஒட்டுவது உங்களுக்குப் பழகிப்போய்விட்டது. “நல்ல விதியும் அதைக் கண்காணிக்கும் ஆளும் இருந்தால்” என்றுதான் எழுதினேன். விதி இருந்த துருக்கியில்தான், விதிமீறிய கட்டடங்களுக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு 2018இல் பொதுமன்னிப்பு கொடுத்தார்கள். 2010இல் சிலியில் 8.8 அளவு நடுக்கம் வந்து சுமார் ஐந்நூறு பேர் இறந்தார்கள். அதே ஆண்டு ஹைட்டியில் 7.0 அளவு நடுக்கத்தில் இறந்தவர்கள் லட்சத்துக்கும் மேல். சிலி தன் விதியை ஏட்டோடு நிறுத்திக்கொள்ளவில்லை. உறுப்பு நாடு விதிமீறலுக்கு மன்னிப்பு வழங்கும்போது அதைத் தட்டிக்கேட்கும் அதிகாரம் எந்தப் பன்னாட்டுக் கூட்டணிக்கு இருக்கிறது? அந்த அதிகாரம் இல்லாதவரை அவர்கள் வெளியிடும் வழிகாட்டிகள் அலமாரியில்தான் இருக்கும்.

மழைமானி:
“கண்காணிக்கும் ஆள்” என்பதை இன்றுதான் சேர்த்திருக்கிறீர்கள். பழைய இழை அப்படியே இருக்கிறது; யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம்.

கடல்வழி:
பழைய கட்டடங்களுக்குக் கூட்டுறவால் ஒன்றும் ஆகாது என்பதுபோல் எழுதுகிறீர்கள். 2015 நிலநடுக்கத்தில் நேபாளத்தில் ஏறக்குறைய 9,000 பேர் இறந்தார்கள். காத்மாண்டுப் பள்ளத்தாக்கில் முன்னதாகவே வெளிநாட்டு உதவியுடன் வலுப்படுத்தியிருந்த பழைய பள்ளிக் கட்டடங்கள் தாக்குப்பிடித்து நின்றன. அவை புதுக் கட்டடங்களா?

தூணடி:
நேபாளப் பள்ளிகளை நானே உதாரணமாகச் சொல்வேன். சுவருக்குக் கம்பி வலையும் கான்கிரீட் பட்டையும் கொடுத்து அந்தப் பணியைச் செய்தவர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் அந்த வேலையைக் கட்டுமானச் செலவில் 3 விழுக்காட்டுக்குள் முடித்தார்கள் என்று உங்களால் சொல்ல முடியுமா? அதைத்தானே காலையிலிருந்து கேட்கிறேன். அந்த எண்ணை நம்பி நிதியமைச்சர்கள் மாநாட்டில் கையெழுத்திட்டுவிட்டுப் போவார்கள்; பழைய பள்ளியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அதில் ஒதுக்கீடு இருக்காது.

எண்மணி:
ஒடிசாவையும் கொஞ்சம் பாருங்கள். 1999 புயலில் சுமார் 10,000 பேர் இறந்த மாநிலத்தில், 2019இல் ஃபானி வந்தபோது 10 லட்சத்துக்கும் மேற்பட்டோரை முன்கூட்டியே வெளியேற்றி உயிரிழப்பை 64க்குள் நிறுத்தினார்கள். ஆனால் மின்கம்பங்கள் லட்சக்கணக்கில் சாய்ந்தன. அந்த மின்கட்டமைப்பை இதே கூட்டணி பிறகு ஆராய்ந்தது. எந்தக் கம்பம் எந்தக் காற்றுக்குச் சாயும் என்ற தரவில்லாமல் எதை மாற்றுவீர்கள்?

தூணடி:
அவையும் பழைய கம்பங்கள்தான், எண்மணி. என் வாதத்துக்கு நீங்களே சான்று தருகிறீர்கள்.

எண்மணி:
தரவுக்குத்தான் சான்று தந்தேன்.

கடல்வழி:
சரி, பழையதை வலுப்படுத்த எத்தனை விழுக்காடு ஆகும் என்று நீங்களே ஓர் எண் சொல்லுங்கள். எண் இல்லாமல் எந்த அரசும் பணம் ஒதுக்காது. 2030க்குள் முக்கியக் கட்டமைப்புகளின் சேதத்தைக் கணிசமாகக் குறைப்பதாக நாடுகள் 2015இல் ஜப்பானின் செண்டாய் நகரில் ஒப்புக்கொண்டிருக்கின்றன. இருக்கும் ஒரே எண்ணையும் உடைத்துவிட்டால் அந்த இலக்குக்கு யார் பணம் தருவார்கள்?

தூணடி:
கட்டடத்தைத் திறந்து பார்க்காமல் எண் சொல்பவர் பொறியாளர் இல்லை. ஒவ்வொரு கட்டடத்துக்கும் அது மாறும். முதலில் நீங்கள் அந்த 3 விழுக்காட்டைத் திரும்பப் பெறுங்கள்.

மழைமானி:
துருக்கிக் கேள்விக்குப் பதில் இன்னும் வரவில்லை.

கடல்வழி:
அறிக்கையில் அச்சாகியிருக்கும் எண்ணை நான் எதற்காகத் திரும்பப் பெற வேண்டும்?