சொந்தக் கட்டுரையே திருட்டு என்று வருகிறது, என்ன செய்யலாம்?

வணக்கம் நண்பர்களே, அடுத்த மாதம் ஆய்வேடு சமர்ப்பிக்க வேண்டும், ஒப்புமைச் சோதனையிலோ (ஏற்கெனவே வெளிவந்த எழுத்துகளோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று மென்பொருளில் பார்ப்பது) 34 சதவீதம் வந்து நிற்கிறது. பெரும்பகுதி மூன்றாம் இயல்தான், அது நானே எழுதி இரண்டு வருடத்துக்கு முன் ஓர் இதழில் வந்த கட்டுரை (நெறியாளரும் இணை ஆசிரியர்). யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிப்படி 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. அதைத் தாண்டி 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும், 60க்கு மேல் போனால் பதிவே ரத்து. மேற்கோள், நூற்பட்டியல் எல்லாம் கழித்த பிறகுதான் இந்த 34.

நெறியாளர், "வார்த்தை மாத்துற சாஃப்ட்வேர்ல போட்டு எடுத்துடுங்க" என்கிறார். ஒரு பத்தியைப் போட்டுப் பார்த்தேன், 'சாயில் எரோஷன்' (மண் அரிப்பு) போய் 'டர்ட் டிஸ்இன்டக்ரேஷன்' (அழுக்குச் சிதைவு) ஆகிவிட்டது! எனக்கு இது ஏமாற்று வேலையாகவே படுகிறது, ஆனால் அவரிடம் நேரே சொல்லத் தயக்கம்.

என் கட்டுரையைச் சான்று காட்டி, அதை மட்டும் நீக்கிச் சோதிக்கச் சொல்லிக் கடிதம் கொடுத்து யாராவது சமர்ப்பித்திருக்கிறீர்களா? உங்கள் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டதா? இதழிடம் தனியாக அனுமதி வாங்கினீர்களா? அப்புறம், நெறியாளரிடம் இதை எப்படிப் பேசினீர்கள் என்றும் சொல்லுங்கள்.