புரதத்துக்கு ‘உள்ளூர்மயமாக்கல்’ வேண்டாமே

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு,

மூளைச் செல்லுக்குள் (நியூரானுக்குள்) எந்தப் புரதம் எங்கே இருக்கிறது என்று படமாக்கும் ஆய்வைப் பற்றி, இங்கே பெங்களூரு அல்சூரில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் பேச வேண்டும். ‘புரோட்டீன் லோக்கலைசேஷன்’ என்பதற்குத் தமிழ் தேடினால் ‘புரத உள்ளூர்மயமாக்கல்’ என்று வருகிறது. படித்தால் பஞ்சாயத்துத் தேர்தல்தான் ஞாபகம் வருகிறது!

‘இடஞ்சேர்ப்பு’ என்று வைக்கலாமா?

இடம்தான் இங்கே முழு விஷயமும். ஒரு புரதம் ‘நியூரானில் இருக்கிறது’ என்பது, ஒருவர் ‘பெங்களூரில் இருக்கிறார்’ என்பது போல. எந்த மெயின், எந்த கிராஸ் என்று சொல்லாமல் ஆட்டோக்காரர் வண்டியை எடுப்பாரா? ஒரு நியூரான் இன்னொன்றுக்குச் செய்தி கொடுக்கும் சந்திப்புதான் சினாப்ஸ். அங்கே பசூன் என்ற புரதம் செய்தி அனுப்பும் பக்கம், பி.எஸ்.டி-95 என்ற புரதம் பெறும் பக்கம். நடுவில் சுமார் 20 நானோமீட்டர் இடைவெளி. சாதாரண ஒளி நுண்ணோக்கியோ ஏறக்குறைய 200 நானோமீட்டருக்குக் கீழே எதையும் பிரித்துக் காட்டாது. ஆகவே இரண்டின் ஒளியும் ஒன்றன்மேல் ஒன்று படிந்துவிடும். அந்த வரம்பைத் தாண்டியதற்குத்தான் 2014-இல் வேதியியல் நோபல் கொடுத்தார்கள்.

*

ஐயா, வணக்கம். மும்பை மாதுங்காவிலிருந்து எழுதுகிறேன்.

‘சேர்ப்பு’ என்றால் யாரோ கொண்டுபோய்ச் சேர்த்ததாக ஆகிவிடும். எல்லாப் புரதமும் செல் உடலில் தயாராகி அனுப்பப்படுவதில்லை. செய்தி பெறும் கிளைகளான டெண்ட்ரைட்டுகளில் உள்ள முட்களின் அடியிலேயே, புரதம் செய்யும் ரைபோசோம்கள் கூட்டங்களாக இருப்பதை 1982-இல் ஸ்டூவர்ட், லெவி என்ற ஆய்வாளர்கள் காட்டினார்கள். புரதம் செய்வதற்கான குறிப்பைச் சுமக்கும் தூது ஆர்.என்.ஏ. அங்கே போய்விடுகிறது, புரதம் அங்கேயே பிறக்கிறது. பிறந்த இடத்திலேயே இருப்பவரைக் குடியேறியவர் என்பதா? (மூன்று தலைமுறையாக இங்கே இருக்கும் எங்களையே ‘எப்போது வந்தீர்கள்’ என்று கேட்கிறார்கள், அது வேறு கதை.)

‘இடங்கொள்ளல்’ என்றால் வந்ததற்கும் பொருந்தும், பிறந்ததற்கும் பொருந்தும். இன்னொன்று. ஆய்வாளர் அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதையும் ஆங்கிலத்தில் அதே சொல்லால்தான் சொல்கிறார்கள். நாமும் ஏன் குழப்பிக்கொள்ள வேண்டும்? அதற்கு ‘இடமறிதல்’ போதும். புரதம் இடங்கொள்கிறது, நாம் இடமறிகிறோம்.

*

அம்மா, சரி. இடஞ்சேர்ப்பைக் கைவிட்டேன்.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: ‘பி.எஸ்.டி-95 பெறுபக்கச் சவ்வை ஒட்டி உட்புறமாக இடங்கொள்கிறது. தங்கத் துகள் ஒட்டிய எதிர்ப்பொருளைக் கொண்டு எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அதன் இடமறியலாம்.’ (எதிர்ப்பொருள் என்பது குறிப்பிட்ட புரதத்தைத் தேடிப் பற்றிக்கொள்ளும் ஆன்டிபாடி.) உறுத்தவில்லை. வரும் படத்துக்கு ‘இருப்பிட வரைபடம்’. சினாப்ஸ் சினாப்ஸாகவே இருக்கட்டும். ‘நரம்பிணைப்பு’ என்றால் அந்த இடைவெளி காணாமல் போகிறது.

ஒன்று மிச்சம். டாவ் புரதம் பெரும்பாலும் ஆக்ஸானில், அதாவது செய்தியைக் கொண்டுபோகும் நீண்ட இழையில், இருக்க வேண்டியது. ஆல்சைமர் நோயில் டெண்ட்ரைட்டிலும் செல் உடலிலும் குவிகிறது. இதற்கு ‘இடமாற்றம்’ என்றால் அரசு ஊழியர் டிரான்ஸ்ஃபர் ஆகிவிடும். ‘இடந்தவறல்’ என்று எழுதியிருக்கிறேன். யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் சனிக்கிழமைக்குள் சொல்லுங்கள், ஞாயிறு காலை பேச்சு.