கேட்டுவிட்டுப் போட்ட டென்ட்: கன்னியாகுமரியிலிருந்து லே வரை

தனியாக பைக்கில் லடாக்கில் இருக்கும் லே வரை போய் வந்தேன் என்று சொன்னால் எல்லாரும் முதலில் கேட்பது ஒன்றைத்தான். "ராத்திரி எங்க படுத்தீங்க, பயமா இல்லையா?" அதனால் வண்டி, மைலேஜ், செலவு எல்லாவற்றையும் விட்டுவிட்டு ராத்திரிகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். ஆகஸ்ட் கடைசியில் கன்னியாகுமரியில் கிளம்பி 19-ஆம் நாள் லே போய்ச் சேர்ந்தேன். சுற்றியதெல்லாம் சேர்த்து நாலாயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். 13 ராத்திரி டென்ட்டில்.

கிளம்பும்போது என் மனதில் இருந்த திட்டம் வேறு. யார் கண்ணிலும் படாமல் ஒதுங்கி, விளக்கை அணைத்துப் படுத்து, விடிவதற்குள் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட வேண்டும். யாருக்கும் தெரியாவிட்டால் யாராலும் தொந்தரவு இல்லை என்று நினைத்தேன். அதற்காகவே இலைப்பச்சை நிறத்தில் டென்ட் வாங்கினேன்.

முதல் நாள் காவல்கிணறு, பணகுடிப் பக்கம் காற்றாலைகளுக்கு நடுவே பக்கக் காற்று வண்டியை ஒரு லேன் தள்ளி விட்டது. பின்னால் கட்டிய மூட்டை அகலமாக இருந்தால் அது பாய்மரம் மாதிரி வேலை செய்யும், பையை உயரமாக அடுக்காதீர்கள். அதைத் தவிர ஹைதராபாத் தாண்டும் வரை சொல்ல ஒன்றும் இல்லை. நல்ல ரோடு, டோல்கேட்டில் பைக்குக்குக் கட்டணமும் கிடையாது, இடது ஓரச் சந்தில் நுழைந்து போய்க்கொண்டே இருந்தேன்.

அடிலாபாத் தாண்டும்போது இருட்டிவிட்டது. மெயின் ரோட்டிலிருந்து ஒரு மண் பாதையில் அரை கிலோமீட்டர் உள்ளே போய், பருத்திக் காட்டின் ஓரத்தில் மரத்தடியில் டென்ட் போட்டேன். நல்ல இடம் கிடைத்தது என்று சந்தோஷமாகத்தான் படுத்தேன். பதினோரு மணிக்கு மழை பிடித்தது. கரிசல் மண்ணில் மழை பெய்தால் என்ன ஆகும் என்று கோவில்பட்டிக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, எனக்கு அது அந்த நேரத்தில் உறைக்கவில்லை. காலையில் வண்டியைப் பத்தடி நகர்த்துவதற்குள் மண் முன் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே அப்பிக்கொண்டு சக்கரம் சுற்றவே மறுத்துவிட்டது.

அப்போதுதான் அந்தப் பெரியவர் வந்தார், காட்டுக்குச் சொந்தக்காரர். திட்டப் போகிறார் என்று நின்றேன். ஒன்றும் பேசாமல் ஒரு குச்சியை ஒடித்து மண்ணைக் குத்திக் குத்தி எடுத்தார், நானும் எடுத்தேன், அரை மணி நேரம் ஆனது. அப்புறம் என் கையைப் பிடித்துக் காட்டின் ஓரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். முழங்கால் உயரத்தில், குச்சிகளில் கட்டிய ஒரு மெல்லிய கம்பி. காட்டுப்பன்றிக்காக. மேலே போகும் கரண்ட் லைனைக் காட்டினார், தன் கையை உதறிக் காட்டினார். மழை வந்ததால் அன்று லைனில் கொக்கி போடவில்லையாம். "வர்ஷம், வர்ஷம்" என்று இரண்டு தடவை சொன்னார்.

நடுராத்திரியில் அந்தப் பக்கம்தான் ஒன்றுக்குப் போக எழுந்து போயிருந்தேன், கம்பிக்கு நாலடி இந்தப் பக்கம். இப்படிக் கம்பி போடுவது சட்டப்படி குற்றம், இதில் மாட்டி மனிதர்களும் செத்திருக்கிறார்கள், புலியும் செத்திருக்கிறது. ஆனால் அந்த நேரத்தில் அவரிடம் அதைப் பேச எனக்கு வாய் வரவில்லை, அவருக்கே கை நடுங்கிக்கொண்டிருந்தது. கிளம்பும்போது அவர் சொன்னது ஒரே வாக்கியம்தான். "அடகாலி பாபு." கேக்கணும்ப்பா.

அதற்கப்புறம் ஒரு ராத்திரிகூடக் கேட்காமல் டென்ட் போடவில்லை. தெலுங்கில் "இக்கட டென்ட் வேஸ்கோவச்சா", இந்தியில் "யஹாங் டென்ட் லகா சக்தா ஹூம்", இந்த இரண்டு வாக்கியத்தை வைத்துக்கொண்டே நாட்டைக் கடந்தேன் என்று சொன்னால் மிகையில்லை. வெளிச்சம் இருக்கும்போதே, ஐந்து மணிக்கே கேட்டுவிட வேண்டும். இருட்டிய பிறகு ஹெல்மெட்டோடு வந்து நிற்கும் ஆளைப் பார்த்தால் எந்த வீட்டுக்கும் பயம்தான் வரும். ஹெல்மெட்டைக் கழற்றி, வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு நடந்து போய்க் கேட்டேன். இரண்டு இடத்தில் முடியாது என்றார்கள், அதில் ஒருவர் பக்கத்துக் கோயிலைக் காட்டிவிட்டார்.

நாக்பூர் தாண்டினால் பெஞ்ச் புலிகள் காப்பகத்தை ஒட்டித்தான் 44-ஆம் நெடுஞ்சாலை போகிறது. அங்கே ரோட்டைத் தூக்கிக் கட்டி, கீழே விலங்குகள் கடக்க வழி விட்டிருக்கிறார்கள். ஒன்று 750 மீட்டர் நீளம். புலிகள் அந்த வழியாகப் போவது கேமராவில் பதிவாகியிருக்கிறது. மேலே வண்டியில் போகிறவனுக்குப் பக்கச் சுவர் மட்டும்தான் தெரியும், ஆனாலும் கீழே அது நடந்துகொண்டிருக்கிறது என்ற நினைப்பே எனக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது. காட்டுக்குள் டென்ட் என்ற பேச்சே கிடையாது, அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம். பொழுது சாய்வதற்குள் கடந்து, சிவனி தாண்டி ஒரு பெரிய தாபாவில் நிறுத்தினேன்.

அங்கே வரிசையாக மூன்று லாரி, டிஎன் 28. நாமக்கல்! பக்கவாட்டுப் பெட்டியைத் திறந்து ஸ்டவ் பற்றவைத்துச் சோறு பொங்கிக்கொண்டிருந்தார்கள். என் நம்பர் பிளேட்டைப் பார்த்ததும் ஒருவர் எழுந்து வந்தார்.

"தம்பி எந்த ஊருங்க?"

"கன்னியாகுமரிப் பக்கம்ணே."

"அங்கிருந்து இதுலயேவா வரீங்க? வாங்க, மொதல்ல சாப்பிடுங்க."

ஒரு வாரம் கழித்துப் புளிக்குழம்பு சாப்பிட்டேன், அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் பக்கம் போதாது. டெல்லிக்குத் தேங்காய் லோடு, ஊரை விட்டு வந்து மூன்று வாரம் என்றார். சாப்பிட்டு முடித்து லாரிக்குப் பின்னால் இருந்த காலி இடத்தில் டென்ட்டை விரிக்கப் போனேன், லாரி காற்றை மறைக்கும் என்று நினைத்து. அவர் பதறிப் போய்த் தடுத்தார். "லாரிக்குப் பின்னாடியும் படுக்கக் கூடாது, அடியிலயும் படுக்கக் கூடாதுங்க தம்பி. விடியக்காலம் தூக்கக் கலக்கத்துல எவனாவது ரிவர்ஸ் எடுப்பான், உங்க டென்ட்டு எங்க கண்ணுக்கே தெரியாது." பிறகு அவரே இடம் பார்த்துக் கொடுத்தார். சமையல்கட்டு பல்பு வெளிச்சம் விழுகிற இடம், வண்டி வரும் பாதைக்கும் டென்ட்டுக்கும் நடுவே என் பைக். பச்சை டென்ட்டின் மேல் தன் வெள்ளைத் துண்டு ஒன்றையும் போட்டுக் கட்டினார். மறையத்தான் அந்த நிறத்தை வாங்கினேன், தெரிந்தால்தான் பாதுகாப்பு என்று நாலு லட்சம் கிலோமீட்டர் ஓட்டியவர் சொல்கிறார். அந்தத் துண்டு லே வரை வந்தது.

அவர் சொன்ன இன்னொன்றும் உங்களுக்கு உதவும். பெட்ரோல் பங்கில் கேட்டுத் தங்கினால் காற்றடிக்கும் மிஷின் பக்கம் போடாதீர்கள், ராத்திரி முழுக்க லாரி வந்து நிற்கும். டயர் காற்றைக் காலையில் சூடேறுவதற்கு முன்னால் பாருங்கள், ஓடிச் சூடான டயரில் அளவு கூடக் காட்டும், அதை நம்பிக் காற்றை இறக்கினால் குறைந்துபோகும்.

ஜான்சி, குவாலியர், ஆக்ரா எல்லாம் வெயிலும் லாரியும்தான், கடந்து போனேன். கீரத்பூர் சாகிப் குருத்வாராவில் ஒரு ராத்திரி. தலையை மூடிக்கொண்டு உள்ளே போனால் யார் என்ன என்று கேள்வி இல்லை, லங்கர் என்னும் பொதுச் சமையலறையில் இலவசச் சாப்பாடு, படுக்க இடம். சாப்பிட்ட பின் பாத்திரம் கழுவும் இடத்தில் ஒரு மணி நேரம் நின்றேன், பஞ்சாபிக் கிழவர் ஒருவர் நான் கழுவிய தட்டைத் திரும்ப வாங்கி எப்படித் தேய்க்க வேண்டும் என்று காட்டினார். அன்று தூங்கின மாதிரி வழியில் வேறு எங்கும் தூங்கவில்லை.

மணாலி தாண்டி 9 கிலோமீட்டர் அடல் சுரங்கத்துக்குள் நுழையும்போது மழை, வெளியே வந்தால் வெயில். 2020-இல் திறந்தது, ரோதாங் கணவாய் ஏற வேண்டியதில்லை. ஆனால் இதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது, உயரம் ஏறுவது உடம்புக்குத் தெரியாமலே வேகமாக மேலே போய்விடுகிறோம். தாண்டி என்ற ஊரில் டேங்கை நிரப்பினேன், அடுத்த பங்க் 365 கிலோமீட்டர் என்ற புகழ்பெற்ற போர்டு அங்கேதான். என் டேங்க் 15 லிட்டர், கூடவே 5 லிட்டர் கேன். ஜிஸ்பாவில் பாகா ஆற்றங்கரையில், ஒரு வீட்டுக்காரர் நிலத்தில் கேட்டு இரண்டு ராத்திரி. உடம்பு உயரத்துக்குப் பழகத்தான் அது, தயவுசெய்து இந்த இரண்டு ராத்திரியை யாரும் மிச்சம் பிடிக்காதீர்கள். ஜிஸ்பா சுமார் 3,200 மீட்டர், அடுத்துத் தங்கும் இடமான சர்ச்சு 4,290. சர்ச்சுவில் உயரத்தால் தலைவலி வந்தால் இறங்கிப் போக வழியில்லை. பின்னால் போனால் பாரலாச்சா கணவாய் 4,890 மீட்டர், முன்னால் போனால் அதைவிட உயரமான லாச்சுங் கணவாய். இரண்டு பக்கமும் ஏற்றம்.

அன்று நான் செய்த தவறு, டென்ட் காயட்டும் என்று பதினொன்றரை வரை ஜிஸ்பாவில் உட்கார்ந்திருந்தது. பனி உருகி வரும் ஓடைகள் காலையில் கணுக்கால் அளவு இருக்கும், வெயில் ஏற ஏறத் தண்ணீர் கூடும். ஜிங்ஜிங்பார் தாண்டி ஒரு ஓடைக்கு நான் போனபோது மணி இரண்டு. நடு ஓடையில் ஒரு உருண்டைக் கல்லில் முன் சக்கரம் ஏறிச் சறுக்கியது, வண்டி என் காலின் மேல் சாய்ந்தது. தண்ணீர் ஐஸ். கால் மாட்டவில்லை, ஆனால் மூட்டையோடு அந்த வண்டியைத் தனியாக நிமிர்த்த அந்த உயரத்தில் மூச்சு வரவில்லை.

ரோட்டு வேலை செய்துகொண்டிருந்த இரண்டு பேர் செருப்போடு தண்ணீருக்குள் ஓடி வந்தார்கள். எல்லைச் சாலைகள் அமைப்பின் வேலையாட்கள். வண்டியைத் தூக்கி நிறுத்தி, தள்ளிக் கரையேற்றி, என் பூட்ஸைக் கழற்றச் சொல்லித் தார் கொதிக்கும் டிரம் பக்கத்தில் கவிழ்த்து வைத்தார்கள். என் சாக்ஸைப் பிழிந்தவருக்கு இருபத்திரண்டு வயது இருக்கும், கையில் உறை கிடையாது, விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது. ஜார்க்கண்டில் தும்கா மாவட்டம் என்றார். இந்த மலைச் சாலைகளைப் போடுகிறவர்களில் நிறையப் பேர் அங்கிருந்து வருகிறவர்கள்தான். நாம் போட்டோ எடுத்துக்கொள்ளும் ஒவ்வொரு வளைவையும் அவர்கள் கையால் போட்டிருக்கிறார்கள், இதை எத்தனை தடவை சொன்னாலும் எனக்குத் தீராது.

பூட்ஸ் காய ஒன்றரை மணி நேரம். அவர் தம் கூட்டத்தார் இருந்த தார்ப்பாய்க் கூடாரத்தில் உட்கார வைத்துக் கறுப்பு டீ கொடுத்தார். எங்கிருந்து வருகிறேன் என்று கேட்டார், சொன்னேன், புரியவில்லை. போனில் கிளம்பிய அன்று காலையில் எடுத்த வீடியோ இருந்தது, சூரியன் வரும் நேரம், விவேகானந்தர் பாறை, அலை. சமுந்தரா என்று கேட்டார். கடலைப் பார்த்ததே இல்லையாம். மூன்று தடவை போட்டுப் பார்த்தார், மற்றவர்களையும் கூப்பிட்டுக் காட்டினார், நான்காவது தடவை சத்தத்தைக் கூட்டி வைத்துக் காதில் வைத்துக் கேட்டார்.

இன்று சர்ச்சுவுக்குப் போகாதே, நாளைக் காலை போ என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். தம் கூடாரத்தை ஒட்டியே இடம் ஒதுக்கினார்கள். தரை முழுக்கக் கல், ஆணி இறங்கவே இல்லை, நாலு மூலையிலும் பாறாங்கல்லைக் கட்டி நிறுத்தினோம். ராத்திரி என் சின்ன கேஸ் அடுப்பு எரியவில்லை. வெறும் பியூட்டேன் சிலிண்டர், சுழியம் டிகிரிக்குக் கீழே போனால் அது ஆவியாகாது. புரொப்பேன் கலந்தது வாங்கியிருக்க வேண்டும். அவர்கள் ஸ்டவ்வில் குக்கரில் வெந்த சோற்றையே சாப்பிட்டேன், அந்த உயரத்தில் தண்ணீர் 86 டிகிரி பக்கத்திலேயே கொதித்துவிடும், குக்கர் இல்லாமல் அரிசி வேகாது.

காலை ஆறரைக்கு அந்தப் பையனும் நானும் ஓடை பக்கத்தில் நின்றோம். முந்தின நாள் தொடை வரை இருந்த தண்ணீர் கணுக்காலுக்கு இறங்கியிருந்தது. என்னிடம் இருந்த இரண்டாவது ஜோடி கையுறையைக் கொடுத்தேன், வாங்க மறுத்து, பிறகு வாங்கிக்கொண்டார். அந்தக் கடல் போட்டோவைக் காகிதத்தில் போட்டு அனுப்ப முடியுமா என்று கேட்டார். ஊர், அஞ்சல், மாவட்டம், எல்லாம் அவர் நாகரியில் எழுதிக் கொடுத்தார், எனக்கு ஒரு எழுத்துகூடப் படிக்கத் தெரியாது.

லே போனேன், தங்லாங் கணவாயில் 5,328 மீட்டர் என்று நினைத்து நினைத்து மூச்சு வாங்கினேன், அதெல்லாம் எல்லாரும் எழுதியாகிவிட்டது. ஊருக்கு வந்து நாகர்கோவிலில் ஒரு ஸ்டுடியோவில் அந்தப் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டேன். கவரின் மேல் அவர் எழுதிய காகிதத்தையே வெட்டி ஒட்டினேன், என் கையால் காப்பி எடுத்தால் ஒரு எழுத்து மாறிவிடுமோ என்று பயம். ரோடு பனியில் மூடியதும் அவர்கள் ஊர் திரும்புவார்களாம், அதனால் நவம்பர் வரை காத்திருந்து ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பினேன். போய்ச் சேர்ந்துவிட்டது என்று காட்டுகிறது.