பதில்: ‘ஆர்.டி.டபிள்யூ.சி.’க்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புடையீர், வணக்கம்.

மண்ணில்லாமல், சுற்றிவரும் உரக் கரைசலில் வேரை விட்டுச் செடி வளர்க்கும் ‘ரீசர்குலேட்டிங் டீப் வாட்டர் கல்ச்சர்’ (சுருக்கமாக ஆர்.டி.டபிள்யூ.சி.) என்ற முறைக்கு இந்த இழையில் இதுவரை நான்கு முன்மொழிவுகள் வந்திருக்கின்றன. மூன்று அகராதியிலிருந்து வந்தவை, ஒன்று கண்மாய்க் கரையிலிருந்து வந்தது. என்னிடம் இருப்பது சென்னையில் ஒரு மொட்டை மாடியும் ஆறு வாளிகளும்தான். அவற்றை வைத்துக்கொண்டு பேசுகிறேன்.

அமைப்பைப் பார்த்திராதவர்களுக்காகச் சுருக்கமாக: இருபது லிட்டர் பெயின்ட் வாளிகள் ஆறையும் அடிப்பக்கத்தில் துளையிட்டு, இரண்டு அங்குலக் குழாயால் ஒன்றோடொன்று இணைத்திருக்கிறேன். ஒரு வாளியில் செடி கிடையாது. உரக் கரைசலைக் கலப்பதும் அளவு பார்ப்பதும் அதில்தான். அதிலிருக்கும் சிறு மோட்டார் கரைசலைத் தொலைவிலுள்ள வாளிக்குத் தள்ளும். அங்கிருந்து அது குழாய் வழியே தானாகத் திரும்பி வரும். மற்ற ஐந்து வாளிகளின் மூடியிலும் ஓட்டைக் கிண்ணம், அதற்குள் சுட்ட களிமண் உருண்டைகள், நடுவே ஒரு தக்காளிச் செடி. வேர் கிண்ணத்தைத் தாண்டிக் கீழே இறங்கி, இரவும் பகலும் கரைசலிலேயே கிடக்கும். மீன்தொட்டிக் கடையில் வாங்கிய காற்றுக்கல் ஒவ்வொரு வாளியின் அடியிலும் குமிழி விட்டுக்கொண்டிருக்கும்.

முதல் முன்மொழிவு ‘மறுசுழற்சி ஆழ்நீர் வளர்ப்பு’. சொல்லுக்குச் சொல் சரி. ஆனால் மூன்று சொல்லும் வேறெங்கோ கொண்டுபோய் விடுகின்றன. ‘மறுசுழற்சி நீர்’ என்று செய்தித்தாளில் படித்தால் சுத்திகரித்த கழிவுநீர்தான் நினைவுக்கு வரும். அந்தத் தக்காளியை யார் வாங்குவார்கள்? ‘ஆழ்’ என்றதும் ஆழ்கடலும் ஆழ்துளைக் கிணறும் முன்னே வந்து நிற்கின்றன. என் வாளியில் கரைசலின் ஆழம் ஒரு சாண். நீர் மெல்லிய படலமாக ஓடி வேரின் நுனியை நனைக்கும் இன்னொரு முறையோடு ஒப்பிட்டால்தான் இது ஆழம். ஒப்பீடு தெரியாதவருக்கு ‘ஆழ்’ வெறும் சுமை.

மூன்றாவது சொல் ‘வளர்ப்பு’. இதில்தான் எனக்குப் பெரிய தயக்கம். கோழி வளர்ப்பு, பட்டுப்புழு வளர்ப்பு, மீன் வளர்ப்பு என்று பழகிய காதுக்கு ‘நீர்’ என்று தொடங்கி ‘வளர்ப்பு’ என்று முடிந்தால் இடையில் மீன் நீந்தத் தொடங்கிவிடும். இந்தக் குழியில் நமக்கு முன்பே ஒருவர் விழுந்து எழுந்திருக்கிறார். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் வில்லியம் கெரிக், மண்ணில்லாமல் நீரில் பயிர் வளர்க்கும் முறைக்கு 1929இல் வைத்த பெயர் ‘அக்வாகல்ச்சர்’. அது நீர்வாழ் உயிரினங்களை வளர்ப்பதற்கு ஏற்கெனவே வழங்கிய சொல். எனவே 1937இல், உடன் பணியாற்றிய செட்செல் சொன்னபடி ‘ஹைட்ரோபோனிக்ஸ்’ என்று மாற்றிக்கொண்டார். கிரேக்கத்தில் ‘ஹைட்ரோ’ நீர், ‘போனோஸ்’ உழைப்பு. மண்ணில் பாடுபடுவது உழவு என்றால், இது நீரில் பாடுபடுவது. எட்டாண்டு கழித்து அவர் திருத்திக்கொண்ட பிழையை நாம் புதிதாகச் செய்ய வேண்டியதில்லை.

யாழ்ப்பாணத்து அன்பர் போகிறபோக்கில் ‘எங்களிடம் பயிர்ச்செய்கை என்போம்’ என்று ஒரு வரி எழுதியிருந்தார். யாரும் அதற்குப் பதில் எழுதவில்லை. எனக்கு அதுதான் இந்த இழையின் புதையல். ‘செய்கை’யில் உழைப்பு இருக்கிறது, ‘போனோஸ்’ இருக்கும் இடத்தில் அப்படியே உட்காருகிறது. தமிழ்நாட்டில் செய்கை என்றால் செயல், சைகை என்று நினைப்பார்களே என்று கேட்கலாம். நன்செய், புன்செய் என்று பத்திரத்தில் எழுதுகிற ஊர்தானே இது? அந்தச் ‘செய்’ வயல்தான்.

அடுத்த முன்மொழிவு ‘மறுகால்’. மதுரைப் பக்கத்து நண்பர் கண்மாய்த் தொடரை நினைவூட்டி, வாளிகளைக் குட்டிக் கண்மாய்கள் என்றார். படித்தபோது மகிழ்ச்சியாக இருந்தது. ஆனால் மறுகால், கண்மாய் நிறைந்து கலிங்கு வழியே வெளியேறும் உபரி நீர். அது கீழே போகும், திரும்பி வராது. கண்மாய்கள் மேலும் கீழுமாக இருக்கும், என் வாளிகளோ ஒரே மட்டம். மோட்டாரை நிறுத்தினால் ஆறிலும் நீர் ஒரே கோட்டில் நிற்கும். ‘தலைவாளி, கடைவாளி’ என்ற யோசனையையும் இதே காரணத்தால் தள்ளுகிறேன். இங்கே தொலைவிலுள்ள வாளிக்குத்தான் புதுக் கரைசல் முதலில் போகிறது. கடைமடை விவசாயி கேட்டால் சிரித்துவிடுவார்.

அப்படியானால் இந்த முறையின் உயிர் எங்கே இருக்கிறது? இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரு மே மாத மதியம். மின்சாரம் ஐந்து மணி நேரம் இல்லை. காற்றுக்கல் ஓய்ந்தது, கரைசலின் வெப்பம் 33 பாகை. நீர் சூடேறினால் அதில் கரைந்திருக்கக்கூடிய ஆக்சிஜனும் குறையும்: 20 பாகையில் லிட்டருக்கு 9 மில்லிகிராமுக்குச் சற்று மேல், 30 பாகையில் ஏறத்தாழ ஏழரை. மறுநாள் தொலைவிலுள்ள வாளியின் மூடியைத் தூக்கினேன். முந்தின வாரம் இடியாப்பம்போல வெள்ளையாக இருந்த வேர், தேநீர் வடிகட்டியில் தங்கிய சக்கையின் நிறத்தில் தொங்கியது. தொட்டால் வழவழப்பு, விரலால் உருவினால் தோல் கழன்று நடுநரம்பு மட்டும் கையில் வந்தது. சாக்கடை நாற்றம். மேலே செடி தண்ணீரில் நின்றுகொண்டே வாடியிருந்தது. நான்காம் நாள் ஐந்து செடிகளுக்கும் அதே கதி.

அதே மாடியில், அதே வெயிலில், அந்த ஆறில் சேராத, குழாயோடு இணைக்காத தனி வாளி ஒன்றில் துளசி வைத்திருந்தேன். அதற்கும் காற்று நின்றதுதான். அது பிழைத்துக்கொண்டது.

ஆறு வாளி என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன். உண்மையில் இருந்தது ஒரே நீர், ஒரு வாளியில் தொடங்கிய அழுகல் அதன் வழியே எல்லாவற்றுக்கும் போயிருக்கிறது. இதனால் நன்மையும் உண்டு: நூறு லிட்டர் கரைசலில் பிஎச் (அமில-கார) அளவு சட்டென்று தாவாது, ஓரிடத்தில் சரிசெய்தால் எல்லாச் செடிக்கும் சரியாகிவிடும். தீமையும் அதே குழாயில்தான் வருகிறது. ஆகவே பெயரில் ஆழம் வேண்டாம். வேர் நீரில் கிடப்பதும் அந்த நீர் சுற்றிவருவதும் தெரிந்தால் போதும்.

நீரில் கிடக்கும் வேருக்குத் ‘தோய்வேர்’. தோய்ந்த, தோய்கிற, தோயும் வேர் என்று முக்காலமும் அடங்கிய வினைத்தொகை, ஊறுகாய்போல. சுற்றிவரும் நீருக்குச் ‘சுற்றுநீர்’. இதுவும் வினைத்தொகை. சுற்றுச்சுவர்போலச் சூழ்ந்திருக்கும் நீர் என்று பொருள்பட்டுவிடாதா என்று என் மனைவி கேட்டார். சூழ்ந்திருக்கும் நீருக்கு அகழி என்ற சொல் இருக்கிறது. குழப்பம் வராது என்று நினைக்கிறேன். ‘சுழல்நீர்’ என்றால் ஆற்றுச் சுழி வந்துவிடும். ‘ஓடுநீர்’ ஓடியே போய்விடும்.

ஆக, தனி வாளி முறை ‘தோய்வேர்ச் செய்கை’. இணைத்த வாளிகள் ‘சுற்றுநீர்த் தோய்வேர்ச் செய்கை’. நீளம்தான், ஒப்புக்கொள்கிறேன். பேச்சில் ‘சுற்றுநீர்’ என்று மட்டும் சொன்னாலே போதும். எங்கள் வீட்டில் அப்படித்தான் சொல்கிறோம்.

துணைச் சொற்கள் இரண்டு. செடியில்லாத வாளிக்குத் ‘தாய்வாளி’. கட்டுப்பாட்டுத் தொட்டி என்று எழுதினால் அரசாணை வாசனை அடிக்கிறது. செடி குடித்துக் குறைந்த அளவுக்கு ஊற்றும் நீருக்கு ‘ஈடுநீர்’. இதற்குத் தனிச் சொல் அவசியம், ஏனென்றால் புதியவர்கள் தவறுவது இங்கேதான். வாளியின் உட்சுவரில் நீர் இறங்கிய இடத்தில் வெள்ளையாக உப்புக்கோடு தெரியும். கோட்டைப் பார்த்ததும் உரக் கரைசலையே மீண்டும் ஊற்றிவிடுவார்கள். முதலில் கரைசலில் உப்பு எவ்வளவு என்று காட்டும் மின்கடத்துதிறனைப் பார்க்க வேண்டும். அது ஏறியிருந்தால் செடி நீரைக் குடித்து உப்பை மிச்சம் வைத்திருக்கிறது. ஈடுநீர் வெறும் நீராக இருக்கட்டும். இறங்கியிருந்தால்தான் ஈடுநீரில் உரம் சேர்க்க வேண்டும். ‘நிரப்புதல்’ என்ற சொல்லில் இந்தக் கணக்கு தெரியாது. ‘ஈடு’ என்றதும் எதற்கு ஈடு என்ற கேள்வி வரும்.

ஓட்டைக் கிண்ணத்துக்கு ‘வலைச்சட்டி’ என்று ஒருவர் எழுதியிருந்தார். சட்டி என்றால் எனக்கு மீன் குழம்பு, மற்றவர்கள் சொல்லட்டும்.

கடைசியாக, ‘தோய்வேர்ச் செய்கை’யில் ச் எதற்கு, எடுத்துவிட்டால் எளிதாக இருக்குமே என்று ஒருவர் தனிமடலில் கேட்டிருந்தார். வேர்க்கடலையிலிருந்து க்-ஐ எடுத்துவிட்டு ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.

அன்புடன்,
ஆறு வாளிக்காரன்